அப்பத்தாவின் அண்ணனை நூலகத்தில் தேடினேன்

(கிளை நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம் எல்லார் கையிலும் ஸ்மார்ட்போன் இருக்கு. பட்டா பார்க்கிறோம், மின் கட்டணம் கட்டுகிறோம். ஆனால் கொள்ளுத்தாத்தாவின் அப்பா பெயர் என்னவென்று கேட்டால் பாதிப் பேர் முழிப்போம். நானும் அப்படித்தான் இருந்தேன்.

என் அப்பத்தாவுக்கு 88 வயது. சிவகங்கைப் பக்கம். அவருக்கு ஐந்து வயது இருக்கும்போது அண்ணன் பட்டாளத்துக்குப் போனார், திரும்பி வரவில்லை. பர்மாவில் இறந்துவிட்டதாகத் தந்தி வந்ததாம். தேதியை யாரும் குறித்து வைக்கவில்லை. தந்தியும் கரையான் அரித்துப் போச்சு. நாள் தெரியாததால் ஆடி அமாவாசைக்குத்தான் இத்தனை வருஷமாகக் கும்பிடுகிறார்கள். “நான் கண்ண மூடுறதுக்குள்ள அவன் செத்த தேதி தெரிஞ்சா நல்லாருக்கும்” என்றார் போன பொங்கலுக்கு.

போனில் தேடினேன். உலகப் போர்களில் இறந்த வீரர்களின் பெயர்களைக் காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. சுமார் 17 லட்சம் பேர். தாத்தா பெயரை அடித்ததும் பட்டியல் நீண்டுகொண்டே போனது. கையளவு திரையில் தள்ளித் தள்ளிக் கட்டைவிரல் வலித்ததுதான் மிச்சம்.

சனிக்கிழமை நூலகத்துக்குப் போனேன். நூலகர் கேட்ட முதல் கேள்வி: “அவரோட அப்பா பேர் என்ன? அப்ப உங்க ஊர் எந்த மாவட்டம்?”

இங்கேதான் நான் தவறியிருந்தேன். சிவகங்கை தனி மாவட்டமானது 1985இல். 1940களில் அது ராமநாதபுரம் மாவட்டம். ஆங்கிலப் பதிவில் ‘ராம்நாட்’. தஞ்சாவூர் ‘டாஞ்சூர்’, திருநெல்வேலி ‘டின்னவெல்லி’, திருச்சி ‘டிரிச்சினோபொலி’ என்றுதான் இருக்கும். ஆட்களின் பெயரும் அப்படித்தான். கருப்பையா என்று ஒருவர் இருந்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுதிய குமாஸ்தா ‘கே’யில் தொடங்கியிருக்கலாம், ‘சி’யில் தொடங்கியிருக்கலாம், ஒரு ‘பி’ போட்டிருக்கலாம், இரண்டு போட்டிருக்கலாம். நாலைந்து விதமாக அடித்துப் பார்க்கணும். அந்தத் தேடுபக்கத்தில் ‘கூடுதல் தகவல்’ என்று ஒரு கட்டம் உண்டு. பல இந்திய வீரர்களுக்கு “இன்னாரின் மகன், இந்த ஊர், இந்த மாவட்டம்” என்று அதில் பதிந்திருக்கிறார்கள். பெயரை விட்டுவிட்டு அங்கே ஊரையும் மாவட்டத்தையும் தேடச் சொன்னார் நூலகர். இந்தியப் படை என்றும் வடிகட்டினோம்.

பெரிய திரையில் வரிசை வரிசையாகப் படித்துப் பார்த்ததில் ஒரு பதிவு பொருந்தியது. அப்பா பெயர் சரி. ஊர்ப் பெயரில் ஓர் எழுத்து குறைவு, ஆனால் நம்ம ஊர்தான். 1944. ரங்கூன் நினைவுச் சின்னம். கல்லறை தெரியாத ஏறத்தாழ 27,000 வீரர்களின் பெயர்கள் அங்கே பொறிக்கப்பட்டிருக்கின்றன. தேதியும் இருந்தது.

ஒன்றைக் கவனியுங்கள். போர்க்காலப் பணியில் இறந்தவர்கள் மட்டும்தான் அந்தப் பட்டியலில் இருப்பார்கள். உயிரோடு ஊர் திரும்பியவரைத் தேடினால் கிடைக்க மாட்டார். கிடைக்கவில்லை என்பதற்காக அவர் பட்டாளத்துக்கே போகவில்லை என்று முடிவு செய்துவிடாதீர்கள்.

உங்கள் வீட்டுக் கதை வேறாக இருக்கலாம். தாத்தா சிங்கப்பூர் போனவர் என்றால், அந்நாட்டுத் தேசிய நூலக வாரியத்தின் பழைய செய்தித்தாள் தளத்தில் ‘தமிழ் முரசு’ உள்ளிட்ட இதழ்களைத் தேடலாம். சில இதழ்கள் அங்குள்ள நூலகக் கணினியில்தான் திறக்கும். சிங்கப்பூரில் சொந்தக்காரர் இருந்தால் அவரை ஒரு நடை போய்வரச் சொல்லுங்கள். ‘ஃபேமிலிசர்ச்’ என்ற தளமும் இலவசம்தான், ஆனால் அதிலும் சில ஆவணப் படங்கள் அவர்களோடு இணைந்த நூலகங்களிலும் மையங்களிலும் மட்டுமே தெரியும். பூட்டு விழுந்த பக்கத்தைக் காசு கொடுத்தால் திறந்து தருகிறேன் என்று யாராவது வாட்ஸப்பில் வந்தால் நம்பாதீர்கள்.

உள்ளூரிலேயே இருந்த குடும்பமா? தமிழ்நாடு தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் 2002, 2005ஆம் ஆண்டுகளின் வாக்காளர் பட்டியல்கள் உள்ளன. வீட்டு எண், வயது, தந்தை அல்லது கணவர் பெயர் மூன்றும் ஒரே வரியில் கிடைக்கும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் பழைய நூல்களும் இதழ்களும் இருக்கின்றன.

நூலகத்துக்குப் போகக் கூச்சப்பட வேண்டாம். வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், நூலக வரி என்று ஒரு தொகை இருக்கும். ரூபாய்க்கு 10 பைசா. ஏற்கெனவே கட்டிவிட்டோம்! உங்கள் கிளை நூலகத்தில் இணையக் கணினி இல்லையென்றால் மாவட்ட மைய நூலகத்தில் விசாரியுங்கள். கிளம்பும் முன் வீட்டுப் பெரியவர்களிடம் உட்கார்ந்து பெயர், அப்பா பெயர், ஊர், கூப்பிடும் பெயர் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள், இணையப் பக்கம் நாளைக்கும் இருக்கும். பொதுக் கணினியில் வேலை முடிந்ததும் கணக்கிலிருந்து வெளியேறுங்கள். உயிரோடு இருப்பவர்களின் பிறந்த தேதி, ஆதார் எண்ணை எந்தத் தளத்திலும் ஏற்றாதீர்கள்.

அச்செடுத்த தாளைக் கொண்டுபோய் அப்பத்தாவிடம் கொடுத்தேன். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. பெயர் இருந்த வரியில் விரலை வைக்கச் சொல்லி, கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். பிறகு பஞ்சாங்கம் பார்த்து அந்தத் தேதிக்கு என்ன திதி என்று கேட்டுவரச் சொன்னார்.

மறுநாள் காலையில் போன் வந்தது. “அவங்கூட மேலத்தெருவுல இருந்து இன்னொரு பையனும் போனான். அவுக வீட்டுலயும் நாளு தெரியாது. அவன் அப்பன் பேரு எனக்குத் தெரியும், எழுதிக்க.”

எழுதிக்கொண்டேன். வரும் சனிக்கிழமை மறுபடியும் நூலகம் போகிறேன்.