கைப்பழக்கத்துக்கும் உரிமை உண்டு

(மாங்கேணியில் தொழிலாளர் குடும்பங்களோடு நடந்த சந்திப்பில் சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மலையிலிருந்து வந்திருக்கிற எங்களுக்கு இந்த மணலில் நடப்பதற்கே கொஞ்ச நேரம் பழக வேண்டியிருந்தது. அங்கே தேயிலை, இங்கே கஜுவும் தென்னையும். ஆனாலும் காலையில் உங்களோடு பேசிக்கொண்டிருந்தபோது, எல்லாத் தோட்டத்திலும் உள்ள விஷயம் ஒன்றுதான் என்று தெரிந்தது. கொட்டை உடைக்கிற அம்மாமாரின் விரல்களைப் பார்த்தோம். ஓட்டில் இருக்கிற எண்ணெய் பட்டுத் தோல் வெந்து கறுத்திருக்கிறது. அதற்குச் சாம்பலைத் தொட்டுக்கொள்கிறோம், தேங்காய் எண்ணெய் பூசிக்கொள்கிறோம் என்று சொன்னீர்கள். பருப்பு உடையாமல் கொட்டையை எந்தப் பக்கம் வைத்துத் தட்ட வேண்டும் என்றும் காட்டினீர்கள். இதை உங்களுக்கு எந்த அதிகாரியும் வகுப்பு வைத்துச் சொல்லித் தரவில்லை. வேலை செய்து செய்து நீங்களே கண்டுகொண்டது.

இன்று நாம் பேச வந்திருப்பது இதைப் பற்றித்தான். சட்டத்தில் இதற்குப் ‘புலமைச் சொத்து’ என்று பெயர். படித்தவர்களுக்கும் கம்பெனிகளுக்கும் உரிய விஷயம் என்று நினைத்து நாம் இவ்வளவு நாளும் விட்டுவிட்டோம். நிலம் ஒரு சொத்து, வீடு ஒரு சொத்து. அதுபோல மூளையாலும் கைப்பழக்கத்தாலும் உண்டாக்கியதும் ஒரு சொத்து. நம் நாட்டில் இதற்கு 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. புதிதாக ஒரு கருவியோ முறையோ கண்டுபிடித்தால் ஆக்கவுரிமை, அதாவது பேட்டன்ட். அது 20 வருடம் வரை செல்லும். ஒரு பொருளின் பெயருக்கும் சின்னத்துக்கும் வியாபாரக் குறி. பாட்டுக்கும் எழுத்துக்கும் பதிப்புரிமை. ஓர் ஊரின் மண்ணாலும் மக்களின் திறமையாலும் பெயர் பெற்ற பொருளுக்குப் புவியியல் குறியீடு.

கறுவா சொல்லும் பாடம்

முதலில் நம் நாட்டுக் கறுவாவை எடுத்துக்கொள்வோம். 2022ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் ‘சிலோன் சினமன்’ என்ற பெயருக்கு ஐரோப்பிய ஒன்றியம் புவியியல் குறியீட்டுப் பாதுகாப்பு வழங்கியது. இலங்கைப் பொருள் ஒன்றுக்கு அங்கே இது கிடைத்தது அதுதான் முதல் தடவை. அன்றிலிருந்து, வேறு நாட்டில் விளைகிற மலிவான காசியாப் பட்டையை இந்தப் பெயரில் அங்கே விற்றால் அது சட்ட மீறல்.

இந்தப் பெயர் எதனால் வந்தது? மண்ணும் மழையும் ஒரு காரணம். அதோடு கறுவா உரிப்பவரின் கையும் ஒரு காரணம். அவர் மேல்தோலைச் சுரண்டுவார். பித்தளைக் கம்பியால் தேய்த்துப் பட்டையை இளக்குவார். கத்தி நுனியால் கிழியாமல் கழற்றுவார். சின்னத் துண்டுகளை உள்ளே வைத்து, ஒன்றுக்குள் ஒன்றைச் செருகி, 42 அங்குல நீளத்துக்குக் குழல் சுற்றுவார். வெயில் படாமல் நிழலில் காயவிடுவார். ‘அல்பா’ என்கிற உயர்ந்த தரத்துக்குக் குழலின் விட்டம் 6 மில்லிமீற்றர்தான். பென்சிலை விட மெல்லிசு. எந்த இயந்திரமும் இன்னும் அந்தக் கையின் இடத்துக்கு வரவில்லை.

ஒல்லாந்தர் காலத்தில் இதே வேலை கட்டாய ஊழியம். மாட்டேன் என்றவனுக்குத் தண்டனை கிடைத்தது. இன்று அதே கைவேலையைக் காட்டித்தான் நாடு ஒரு பெயரைப் பதிவு செய்திருக்கிறது. இருந்தும் கறுவா உரிக்க ஆள் போதவில்லை, இளம் பிள்ளைகள் வருவதில்லை என்று அந்தத் தொழிலில் இருப்பவர்களே சொல்கிறார்கள். பெயருக்கு ஏற்பட்ட மதிப்பு உரிப்பவரின் கூலியிலும் மரியாதையிலும் தெரியாவிட்டால் பிள்ளைகள் ஏன் வரப்போகிறார்கள்? உரிக்கிறவர் இல்லாமல் போனால் அந்தப் பெயரும் நிலைக்காது.

பெயர் உயர்ந்தது, கூலி உயர்ந்ததா?

இந்த இடத்தில் நாம் கவனமாக இருக்க வேண்டும். டார்ஜிலிங் தேயிலையைப் பாருங்கள். இந்தியாவில் முதன்முதலாகப் புவியியல் குறியீடு பெற்ற பொருள் அதுதான். 2004இல் பதிவானது. 87 தோட்டங்களின் தேயிலைக்குத்தான் அந்தப் பெயர். உலகச் சந்தையில் அதன் விலை நமக்கும் தெரியும். ஆனால் அங்கே கொழுந்து பறிக்கிற நம் சகோதரிகளின் நாட்கூலி 2023இலும் 250 இந்திய ரூபாய் அளவில்தான் இருந்தது. பெயரைக் காக்கச் சட்டம் இருந்தது, பறிக்கிறவருக்குப் பங்கு கொடுக்கச் சொல்லி அந்தச் சட்டத்தில் ஒரு வரியும் இல்லை.

நம் கதையும் அதுதான். சிங்கச் சின்னம் போட்ட ‘சிலோன் டீ’ தேயிலைச் சபையின் பதிவு செய்த குறி. இலங்கையில் விளைந்து இலங்கையிலேயே பொதி செய்த தேயிலைக்குத்தான் அதைப் போடலாம். இரண்டு இலையும் ஒரு மொட்டும் பார்த்துக் கிள்ளுவது யார்? மட்டக்கம்பு வைத்து மேசை போல மட்டம் காப்பது யார்? கவ்வாத்து வெட்டில் செடி பட்டுப்போகாமல் பார்ப்பது யார்? அந்தச் சிங்கம் நிற்பது நம் கூடையின் மேல்தான். ஆனாலும் 1,000 ரூபாய் நாட்சம்பளத்துக்கு 2021 வரை போராட வேண்டியிருந்தது. 2024இல் அது 1,350 ஆவதற்கும் எத்தனை இழுபறி!

ஆகவே, குறியீடு வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டோம். அது ஒரு கருவி. பிடிக்கிறவர் யார் என்பதைப் பொறுத்துத்தான் அது வேலை செய்யும்.

கேட்டுப் பெற்றவர்கள்

பங்கு கேட்டுப் பெற்றவர்களும் இருக்கிறார்கள். தென்னாபிரிக்காவில் ‘ரோய்போஸ்’ என்று ஒரு செடி. அதன் இலையைத் தேநீர் போல உலகமெங்கும் குடிக்கிறார்கள். அந்தச் செடியின் பயனை முதலில் அறிந்தவர்கள் கொய், சான் என்கிற ஆதிக்குடி மக்கள். வியாபாரம் பெருகியும் அவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. பல வருடம் ஒன்றாக நின்று பேசினார்கள். 2019இல் உடன்பாடு வந்தது. தோட்டத்தில் கொடுக்கிற கொள்முதல் விலையில் நூற்றுக்கு ஒன்றரை வீதத்தை அந்தத் தொழில்துறை அந்த மக்களுக்குச் செலுத்த வேண்டும். ஒன்றரை வீதம் சிறிய தொகைதான். ஆனால் ‘இந்த அறிவு உங்களுடையது’ என்று தொழில்துறை எழுத்தில் ஒப்புக்கொண்டது. தனி ஒருவர் போய்க் கேட்டிருந்தால் இது நடந்திருக்காது.

இன்னொன்று மஞ்சள். காயத்துக்கு மஞ்சள் வைப்பது நம் வீட்டில் எந்தப் பாட்டிக்குத் தெரியாது? அதற்கு 1995இல் அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு ஆக்கவுரிமை கொடுத்துவிட்டார்கள். இந்திய அறிவியல் ஆராய்ச்சி மன்றம் எதிர்த்தது. பழைய நூல்களையும் அச்சான கட்டுரைகளையும் எடுத்துக்காட்டி, இது புதியது அல்ல என்று நிரூபித்தது. 1997இல் அந்த உரிமை இரத்தானது. எழுதி வைத்திருந்தது காப்பாற்றியது. வாயில் மட்டும் இருந்திருந்தால் நிரூபிப்பது கஷ்டம்.

மண்ணைக் காப்பதும் இதில்தான்

ஊர்ப் பெயரை நம்பி ஒரு பொருள் விற்க வேண்டுமானால் அந்த ஊரின் மண் கெடக்கூடாது. அதனால்தான் இதை நிலைபேறான அபிவிருத்தியோடு சேர்த்துப் பேசுகிறோம். கஜு இந்தக் கரையோரத்துக்கு ஏற்ற மரம். வறட்சியைத் தாங்கும், மணலிலும் வேர் பிடிக்கும். 1978 நவம்பர் சூறாவளியில் இந்த மாவட்டத்துத் தென்னைகள் வரிசை வரிசையாகச் சாய்ந்ததை மூத்தவர்கள் மறக்கவில்லை. 2004 சுனாமியும் பிறகு யுத்தமும் இந்தக் கரையை விட்டுவைக்கவில்லை. அத்தனைக்குப் பிறகும் இந்த மண்ணில் எது நிற்கும், எது நிற்காது என்று உங்களுக்குத் தெரியும். அந்த அறிவும் ஒரு சொத்து.

கஜுப் பழத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கொட்டையைத் திருகி எடுத்துவிட்டுப் பழத்தை மரத்தடியில் போட்டுவிடுகிறோம். கோவாவில் அந்தப் பழத்திலிருந்து இறக்கும் ‘ஃபெனி’க்கு 2009இல் புவியியல் குறியீடு வாங்கினார்கள். அது சாராயம். நாம் சாராயம் காய்ச்சச் சொல்லவில்லை! தோட்டத்துக் குடும்பங்களைச் சாராயம் படுத்திய பாடு போதும். ஆனால் நாம் எறிகிற பழத்துக்கு இன்னோர் ஊர் பெயர் வாங்கியிருக்கிறது. ஜாம், பாகு, ஊறுகாய் என்று இங்கே செய்து பார்க்கிற பெண்கள் ஒன்றுசேர்ந்தால், ‘கூட்டுக் குறி’ என்று ஒரு பொதுச் சின்னத்தைப் பதிவு செய்ய நம் சட்டத்திலேயே இடமிருக்கிறது. ஒரு சங்கமாக அதை எடுக்கலாம், அங்கத்தவர் எல்லோரும் பாவிக்கலாம். இன்று வீதியோரத்தில் விற்கிற பையைப் பாருங்கள். ‘கஜு’ என்று இருக்கும், ‘மாங்கேணி’ என்று இருக்குமா?

நாம் செய்ய வேண்டியவை

முதலாவது, ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் ஒரு கொப்பி வைக்க வேண்டும். நம் முன்னோர் வழியாக வந்த பொது அறிவை, யார் சொன்னது, எந்தத் திகதி என்று அதில் எழுத வேண்டும். நாளைக்கு ஒருவன் வந்து இது என் கண்டுபிடிப்பு என்றால் காட்டுவதற்குச் சாட்சி வேண்டும்.

இரண்டாவது, புதிதாக ஒன்றை நீங்களே கண்டுபிடித்தால் அதை அந்தக் கொப்பியில் எழுத வேண்டாம், ஊருக்குக் காட்டவும் வேண்டாம். விரல் வேகாமல் கொட்டை உடைக்கிற ஒரு கருவி என்று வைத்துக்கொள்வோம். ஆக்கவுரிமைக்கு அது புதியதாக இருக்க வேண்டும். முன்கூட்டியே எல்லோருக்கும் காட்டிவிட்டால் அந்தப் புதுமையே கேள்விக்குள்ளாகும். முதலில் சங்கத்துக்கு வாருங்கள். கொழும்பில் தேசிய புலமைச் சொத்து அலுவலகம் இருக்கிறது. கண்டுபிடிப்பாளருக்கு உதவ 1979ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த புத்தாக்குநர் ஆணைக்குழுவும் இருக்கிறது. வாழைச்சேனையில் ரயிலேறினால் ஓர் இரவுப் பயணம். தனியாக அனுப்ப மாட்டோம், கூட வருவோம்.

மூன்றாவது, இதைக் கவனமாகக் கேளுங்கள். வேலைத்தளத்தில் தொழிலாளி ஒருவர் கண்டுபிடித்ததன் உரிமை தொழில் கொள்வோரிடம் போகிற சந்தர்ப்பம் சட்டத்தில் உண்டு. ஆனால் அது பெரிய பெறுமதி தந்தால், கண்டுபிடித்தவருக்கு நியாயமான கொடுப்பனவு உண்டு என்றும், பேசி முடியாவிட்டால் நீதிமன்றம் அதைத் தீர்மானிக்கலாம் என்றும் அதே சட்டம் சொல்கிறது. இதுவரை நம் கூட்டு ஒப்பந்தப் பேச்சுகளில் சம்பளம், லீவு, கிலோ என்பவற்றைத்தான் பேசினோம். இனி இதையும் ஓர் அம்சமாக வைக்க வேண்டும்.

நான்காவது, எந்தப் பயிரின் பெயருக்குக் குறியீடு வந்தாலும், அதை நிர்வகிக்கிற சபையில் தோட்டக்காரருக்கும் ஏற்றுமதியாளருக்கும் பக்கத்தில் தொழிலாளிக்கும் ஒரு நாற்காலி வேண்டும். பெயரால் கூடுகிற விலையில் ஒரு பங்கு கூலிக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் வர வேண்டும்.

தோழர்களே, நம் பெரியவர்கள் நூற்றைம்பது வருடத்துக்கும் மேலாக இந்த நாட்டுக்கு உழைப்பைக் கொடுத்தார்கள். உழைப்போடு அறிவையும் சேர்த்தே கொடுத்தார்கள். உழைப்புக்காவது செக்ரோலில் ஒரு கோடு விழுந்தது, அறிவுக்கு எங்கும் பேர் விழவில்லை. அந்தப் பேரை இனி நாமே பதிய வேண்டும்.

கொப்பி வாங்கிக் கொண்டுவந்திருக்கிறோம். இங்கே வைத்துவிட்டுப் போகிறோம். சாம்பல் தொட்டுக் கொட்டை உடைக்கிற அந்த அம்மா சொல்லச் சொல்ல, எழுதத் தெரிந்த பிள்ளை ஒன்று முதல் பக்கத்தை இன்றைக்கே எழுதட்டும்.