அடியார் நகரும் அதன் பழங்கோயில்களும்



நேபாள நாட்டிலே, காத்மாண்டுப் பள்ளத்தாக்கின் கீழ்த்திசையில் பக்தபூர் என்னும் சிறுநகர் அமைந்துள்ளது. அடியார்களின் ஊர் என்பது அப்பெயரின் பொருள். மக்கள் தொகை ஏறத்தாழ 80,000. முன்னாளில் மல்ல மன்னர் அரசு வீற்றிருந்த அவ்வூரில், கோயிலும் குளமும் மடமும் இல்லாத தெருவைக் காண்பது அரிது.

அவற்றுள் தலையாயது நியாதபோலா ஆலயம். பூபதீந்திர மல்லர் 1702-ஆம் ஆண்டில் இதனை எழுப்பத் தொடங்கினார். ஐந்து பீடங்களின்மேல் ஐந்தடுக்குக் கூரையுடன் நிற்கும் இதனுள் சித்தி லட்சுமி எழுந்தருளியிருக்கிறாள். மன்னர் தம் தோளில் மூன்று செங்கற்களைச் சுமந்து வந்தார் என்றும், அது கண்ட குடிமக்கள் ஐந்தே நாட்களில் திருப்பணிக்கு வேண்டிய பொருள் அனைத்தையும் கொண்டுவந்து குவித்தனர் என்றும் அவ்வூரார் வழிவழியாகக் கூறுவர். 1934-ஆம் ஆண்டுப் பெருநிலநடுக்கத்திலும் 2015-ஆம் ஆண்டு நடுக்கத்திலும் இவ்வாலயம் சாயாது நின்றது.

பண்டைக்காலத்தில் கோயிற் பராமரிப்புக்குக் குத்தி எனப்படும் அறக்கட்டளைகள் இருந்தன. தமிழகத்துத் தேவதானம் போன்றே, நிலத்தின் விளைவு பூசைக்கும் பழுதுபார்ப்புக்கும் சென்றது. 1964-இல் குத்தி நிலங்களை மேற்பார்க்க அரசு நிறுவனம் ஒன்று ஏற்பட்டது. காலப்போக்கில் பழைய வருவாய் குன்றியது, கூரைகளில் புல் முளைத்தது. 1974 முதல் மேற்கு ஜெர்மனியின் துணையோடு பன்னிரண்டாண்டு நடைபெற்ற திட்டம் ஏறத்தாழ இருநூறு கட்டடங்களைச் செப்பனிட்டது. தெருக்களுக்குச் செங்கல் பாவி, கழிவுநீர்க் கால்வாயும் அமைத்தது. கோயிலைப் புதுக்கும் கை சாக்கடையையும் நோக்கியது வியப்பன்று. சுற்றிலும் மக்கள் வாழ இயலாத இடத்தில் கோயில் காட்சிப்பொருளாகிவிடும் அன்றோ? 1979-இல் பள்ளத்தாக்கின் ஏழு பகுதிகள் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டபோது, பக்தபூர் அரண்மனைச் சதுக்கமும் அவற்றுள் ஒன்றாயிற்று.

அயலார் சென்றபின் சுமை நகராட்சியின் தோளில் விழுந்தது. அயல்நாட்டுப் பயணிகளிடம் நுழைவுக் கட்டணம் வாங்கி, அதனைக் கொண்டு பழுதுபார்க்கும் முறையை அது கைக்கொண்டது. பழைய வட்டாரத்தில் வீடு கட்டுவோர் உயரத்தில் வரம்பு மீறலாகாது. முகப்பு செங்கல்லால் அமைதல் வேண்டும். சன்னல்கள் மரத்தால் ஆதல் வேண்டும். இம்மரபைப் பேணுவோர்க்கு நகராட்சி பொருளுதவியும் செய்தது. கட்டளையிடுதல் எளிது, கட்டளையின் செலவில் தானும் பங்கேற்பதே அரிது.

2015 ஏப்ரல் 25-ஆம் நாள் நிலம் நடுங்கியது. பக்தபூர் மாவட்டத்தில் முந்நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அரண்மனைச் சதுக்கத்தில் கல்லால் எழுந்த வத்சலா துர்க்கை ஆலயம் அடியோடு சரிந்தது. புதுப்பிக்கும் பணிக்கு ஜெர்மானிய வங்கி ஒன்று பெருந்தொகை வழங்க முன்வந்தது. ஒப்பந்தக்காரர் முதலானவை பற்றிய அதன் நிபந்தனைகள் தமக்கு ஒவ்வா எனக் கூறி, 2018-இல் நகராட்சி அத்தொகையை மறுத்துவிட்டது. வீடிழந்தோர் பலர் தகரக் கொட்டகையில் இருந்த காலத்தில் இவ்வாறு மறுத்தது தகுமா என்று கேட்டவர்கள் உண்டு. அவ்வினா அற்பமானதன்று. ஆயினும் நகராட்சி வேறோர் இழப்பையும் எண்ணியது. குறைந்த தொகை கேட்பவருக்கே வேலை என்ற ஏல முறையில் கோயிற்பணி சென்றால், உள்ளூர்த் தச்சனும் கொத்தனும் வேலையின்றி நிற்பர். அவர்தம் மக்கள் உளி பிடிக்க மறப்பர். அடுத்த நடுக்கத்தின்பின் கட்டுவார் எவர்? ஆகவே அந்தந்த வட்டாரத்து மக்களைக் கொண்டே குழு அமைத்து, கணக்கும் மேற்பார்வையும் அவர்களிடமே விடப்பட்டன. வத்சலா ஆலயமும் இம்முறையிலேயே, மீட்ட பழங்கற்களையும் புதுக்கற்களையும் சேர்த்து மீண்டும் எழுந்தது.

இல்லறத்தாரின் நிலையோ இத்துணை எளிதாகத் தீரவில்லை. அண்ணன் தம்பியர் பாகம் பிரிக்குங்கால், ஒரே வீட்டை அடித்தளம் முதல் கூரை வரை நெடுக்காகப் பிளந்துகொள்ளும் வழக்கம் அங்குண்டு. இரண்டு பாகம் அகலமான முகப்பு ஒரு பாகமாகச் சுருங்கி, பின்பு அதிலும் பாதியாகிறது. அத்தகைய குறுகிய மனையில் மேலே ஓர் அடுக்கு எழுப்பவே குடும்பத்தார் விரும்புவர், விதியோ தடுக்கும். செதுக்கு வேலை அமைந்த மரச்சன்னலின் விலை இரும்புச் சன்னலின் விலையினும் பன்மடங்கு. நகராட்சியின் உதவி அவ்விலை முழுவதையும் ஈடுசெய்வதன்று. மிகுதியை வீட்டுக்காரரே கொடுத்தல் வேண்டும். அண்டை மனையில் நிற்கும் ஆலயம் ஊருக்கெல்லாம் உரியது; அதன் எழிலுக்காகத் தன் வீட்டைச் சுருக்கிக்கொள்ளும் குடும்பத்தின் பெயரோ எந்தக் கல்வெட்டிலும் இடம் பெறுவதில்லை. நியாதபோலாவைச் சூழ்ந்த தெருக்களில் இன்றும் ஓடு வேய்ந்த கூரையும் செங்கல் முகப்பும் தொடர்ந்து காணப்படுவது இத்தகைய குடும்பங்கள் தம் கைப்பொருளால் செய்த திருப்பணியே.