நீரைக் காப்பது மின்னைக் காப்பதே
(திருமழிசையில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



2019-ஆம் ஆண்டுக் கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டன. திருமழிசைக்குத் தெற்கே, 3,645 மில்லியன் கன அடி நீர் கொள்ளும் செம்பரம்பாக்கம் ஏரியும் அதற்கு விலக்கன்று. அவ்வாண்டு ஜூலை 12 அன்று, சோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 இலட்சம் லிட்டர் நீர் வில்லிவாக்கத்திற்கு இரயிலில் வந்தது. நகரின் ஒருநாள் தேவைக்கு அது மிகச் சிறு பங்கே. அதற்காக இரயில் கடந்ததோ ஏறத்தாழ 200 கிலோமீட்டர். அருகிலுள்ள நீரை இழந்த ஊர், தொலைவிலுள்ள நீரை ஆற்றல் செலவிட்டே பெற வேண்டும் என்பதை அந்த இரயில் உணர்த்தியது.

கடல்நீரின் கணக்கும் இதுவே. மீஞ்சூரில் 2010-இலும் நெம்மேலியில் 2013-இலும், நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் குடிநீர் தரவல்ல நிலையங்கள் தொடங்கப்பெற்றன. வறட்சியில் அவை நகருக்குக் கைகொடுத்தன. ஆயினும் உப்பைப் பிரிக்க மிகுந்த அழுத்தம் வேண்டும். ஆயிரம் லிட்டருக்கு மூன்று முதல் நான்கு யூனிட் மின்சாரம் செலவாகும். பத்துக் கோடி லிட்டருக்கு நாள்தோறும் மூன்று இலட்சம் யூனிட்டுக்குக் குறையாது. அதே ஆயிரம் லிட்டரைப் பத்து மாடி உயரத் தொட்டிக்கு ஏற்றக் கால் யூனிட்டே மிகுதி.

மறுபுறம், மின்சாரமும் நீரை உண்கிறது. நிலக்கரி அனல்மின் நிலையங்கள் ஒரு யூனிட்டுக்கு 3.5 லிட்டருக்கு மேல் நீர் செலவிடலாகாது என 2015-இல் மத்திய அரசு வரம்பு விதித்தது. அவ்வரம்பே அச்செலவின் அளவைக் காட்டும். வீணாகும் நீரில் மின்சாரமும், வீணாகும் மின்சாரத்தில் நீரும் மறைந்துள்ளன.

இதனை உணர்ந்த நல்ல முயற்சிகளும் உண்டு. கொடுங்கையூர் முதலிய கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களில், கசடிலிருந்து எழும் வாயுவைக் கொண்டு மின்சாரம் ஆக்குகின்றனர். கோயம்பேட்டில் 2019-இல் தொடங்கப்பெற்ற நிலையம், நாள்தோறும் நான்கரைக் கோடி லிட்டர் கழிவுநீரை உயர்தரமாகத் தூய்மை செய்து, இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதித் தொழிற்சாலைகளுக்கு வழங்க அமைந்தது. கழிவுநீரில் கடல்நீரினும் உப்புக் குறைவாதலின், அதனைத் தூய்மை செய்யும் மின்செலவும் குறைவு. தொழிற்சாலை விட்டுக்கொடுக்கும் நன்னீர் குடிநீராகும்.

வயல்கள் மனைகளாகி வரும் திருமழிசைக்கு இதில் பாடம் உண்டு. ஏரிக்கு நீர் கொணரும் கால்வாய் அடைபட்டால் ஆழ்குழாய்க் கிணறு ஆழமாகும். ஆழம் கூடக் கூட மோட்டாரின் மின்செலவும் கூடும். மழைநீர் சேகரிப்பு 2003-இல் தமிழகத்தில் கட்டாயமாக்கப்பட்டது. தூர்ந்துபோன தொட்டியைத் தூய்மை செய்யாமல் சட்டத்தை மட்டும் நினைவுகூர்வதால் நிலத்தடி நீர் உயராது.

நீரும் தீயும் ஓரறிவுயிர்களுக்கு உடலாம் என்பது சமணம் கண்ட உண்மை. நீரைப் பயனின்றிச் சிந்துவதும் தீயைப் பயனின்றி மூட்டுவதும் அநர்த்த தண்டம் என இல்லறத்தார்க்கு விலக்கப்பட்டன. நீரை வடிகட்டிப் பருகும் இல்லங்களில், தொட்டி நிரம்பி வழிய மோட்டார் ஓடலாமா? அவ்வொரு பிழையில் இரு விலக்குகளும் ஒருங்கே மீறப்படுகின்றன. விழா முடிந்து இல்லம் திரும்புவோர், ஒழுகும் குழாயை இன்றே சீர்செய்வாராயின், அதுவே இவ்வுரையின் பயன்.

அறம் வளர்க.