தட்டுக் கணக்கும் ஏழைக் கணக்கும்

(மாணவர் பயிற்சிப் பாசறையில் ஆற்றிய உரையின் ஒரு பகுதி)



அமெரிக்காவைச் செல்வத் திருநாடு என்கிறார்கள். அந்தத் திருநாட்டின் அரசாங்க உயர்நிலைப்பள்ளி ஒன்றிலே ஏழைப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்டுப் பாருங்கள். வீடு வீடாகச் சென்று அடுப்பைப் பார்த்தவர் எவரும் அங்கில்லை. மதிய உணவுப் பதிவேட்டைத்தான் எடுத்து நீட்டுவார்கள்! இலவசமாகவோ சலுகை விலையிலோ உண்ணத் தகுதி பெற்றோர் இத்தனை பேர், ஆகவே ஏழைகள் இத்தனை பேர். நெடுங்காலமாக வழங்கிவரும் கணக்கு இது.

தகுதிக்கு அளவுகோல் வறுமைக்கோடு. அதை வரைந்தவர் மோலி ஒர்ஷான்ஸ்கி என்ற அம்மையார். 1960களின் தொடக்கத்தில் சமூகப் பாதுகாப்புத் துறையில் பணிபுரிந்தவர். மிகச் சிக்கனமான உணவுச் செலவை எடுத்தார், மூன்றால் பெருக்கினார். குடும்பங்கள் வருவாயில் மூன்றிலொரு பங்கை உணவுக்குச் செலவிட்ட காலம் அது. இன்று வருவாயை விழுங்குவது வாடகையல்லவா? விலைவாசிக்கேற்ப உயர்த்தினார்களேயன்றிக் கோட்டின் அடிப்படையை மாற்றினார்களில்லை. நியூயார்க் நகருக்கும் மிசிசிப்பிச் சிற்றூருக்கும் அதே கோடுதான்! 2024-ல் நால்வர் குடும்பத்துக்கு 31,200 டாலர். அதில் 130 விழுக்காடு, அதாவது 40,560 டாலர் வரை இலவச உணவு. 185 விழுக்காடு வரை சலுகை விலை.

கோட்டின் கோணலை விடுங்கள். படிவத்தை யார் கொடுக்கிறார்கள்? சிறு பிள்ளை தட்டேந்தி வரிசையில் நிற்கும். பதினாறு வயதுப் பிள்ளையோ, தோழன் பார்ப்பானே, தோழி நகைப்பாளே என்று கூசுகிறான். படிவம் புத்தகப் பைக்குள்ளேயே கிடந்து கசங்குகிறது. விளைவு?  தொடக்கப்பள்ளியில் எண்ணப்படும் அளவுக்கு உயர்நிலைப்பள்ளியில் ஏழைகள் எண்ணப்படுவதில்லை!

வேடிக்கை என்று சிரித்துவிட இயலாது. 1965-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் முதற்பகுதி நிதியைப் பள்ளிகளுக்குப் பகிர, பல வட்டாரங்கள் இந்த எண்ணிக்கையைத்தான் பார்க்கின்றன. பிள்ளை கூசினால் அவன் பள்ளிக்கு வரவேண்டிய பணம் வராது. குறையை ஆட்சியாளரும் உணர்ந்தே இருக்கிறார்கள். ஏழ்மை 75 விழுக்காட்டைத் தாண்டிய பள்ளிகளுக்கு முதலிடம் தரவேண்டும் என்பது விதி. உயர்நிலைப்பள்ளிகளுக்கு 50 என்றே வைத்துக்கொள்ளலாம் என்று 2015-ஆம் ஆண்டுச் சட்டம் இசைந்தது. அங்கே பிள்ளைகளை அனுப்பும் கீழ்ப்பள்ளிகளின் ஏழ்மையைக் கொண்டு மதிப்பிடவும் இடமுண்டு.

பிறகு 2010-ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு நல்ல காரியம் செய்தது. ஏழைகள் நிறைந்த பள்ளியில் படிவமே வேண்டாம், அனைவருக்கும் இலவச உணவு! 2014-ல் அது நாடெங்கும் பரவியது. மனமார வரவேற்கிறேன், பிள்ளையின் கூச்சம் போயிற்று. ஆனால் கணக்கும் கூடவே போயிற்று! அத்தகைய பள்ளிகள் பலவற்றைப் புள்ளிவிவர ஏட்டில் பாருங்கள், நூற்றுக்கு நூறு ஏழைகள் என்றிருக்கும். மருத்துவர் மகனும் ஏழை, மாடி துடைப்பவர் மகளும் ஏழை!

ஆகவே இப்பொழுது அரசாங்க உணவு உதவி பெறும் குடும்பங்களின் பட்டியலை நாடுகிறார்கள். அதிலே யார் விடுபடுகிறார்கள்? குடியேற்ற ஆவணமில்லாத பிள்ளைகள். அவர்களைப் பள்ளியில் சேர்த்தேயாகவேண்டும் என்று உச்சநீதிமன்றம் 1982-லேயே தீர்ப்பளித்துவிட்டது. உணவு உதவிச் சட்டமோ அவர்களுக்குக் கதவடைத்திருக்கிறது. பழைய படிவம் குடியேற்ற நிலையைக் கேட்டதில்லை. வருவாயைக் கேட்டது. அன்று அந்தப் படிவத்திலே ஏழையென்று எண்ணப்பட்ட பிள்ளை, இன்று அதே வகுப்பில், அதே பசியோடு அமர்ந்திருந்தும், எண்ணிக்கைக்கு வெளியே நிற்கிறது.