மின்னொளிக்கு மண் ஈந்தவர்

(கருவடிக்குப்பத்தில் நடைபெற்ற திங்கட் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



இம்மன்றத்தில் எரியும் விளக்குகளை ஒருமுறை நிமிர்ந்து பாருங்கள். புதுவைக்கு வரும் மின்விசையில் ஒரு பங்கு நெய்வேலியினின்று வருவது. அதற்குக் கட்டணம் செலுத்துகிறோம். ஆனால், மண்ணை ஈந்தவர் செலுத்திய விலையை என்றேனும் எண்ணிப் பார்த்தோமா?

1930-களில் சம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் நீருக்காகத் தோண்டியபோது வெளிப்பட்டது பழுப்பு நிலக்கரி. காமராசர் ஆட்சிக் காலத்தில், 1956-இல், நடுவணரசின் நிறுவனம் அங்கே தோன்றிற்று. உருசியர் துணையோடு 1962-இல் முதல் மின்னாக்கி சுழன்றது. 600 மெகாவாட்டாக வளர்ந்த அந்நிலையத்தை அடுத்து, 1470 மெகாவாட்டில் இரண்டாம் நிலையம் எழுந்தது. முதல் நிலையம் 2020-இல் ஓய்வுபெற, 1000 மெகாவாட்டில் புதியதொன்று அதனிடத்தை ஏற்றது.

இவ்வளர்ச்சி எதனை உண்டு வளர்கிறது? இக்கரியின் எடையில் ஏறத்தாழப் பாதி ஈரமே. நெடுந்தொலைவு ஏற்றிச் செல்லுதல் கட்டுபடியாகாது. ஆகவே சுரங்க வாயிலிலேயே உலை எரிகிறது. மின்னிலையம் பெருகச் சுரங்கம் அகலும். சுரங்கம் அகல ஊர் சுருங்கும். கரிப்படுகைக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றுநீரை இராப்பகலாய் இறைத்தாலன்றிக் கரியை எடுத்தலும் இயலாது.

2023 சூலையில் வளையமாதேவியில் நடந்ததை மறந்தீர்களா? கால்வாய் வெட்டுவதற்காக விளைந்துநின்ற நெற்பயிரின்மீது பொறிகள் ஏறின. நிலம் முன்னரே எடுக்கப்பட்டது என்றது நிறுவனம். இருக்கட்டும்! கதிர் முற்றும்வரை காத்திருக்கலாகாதா? தாளின்மேல் நிலம் நிறுவனத்தினது. பயிரோ உழவன் பிள்ளையன்றோ?

மின்விசையே வேண்டா என்று கூறுவார் அறியாதார். கிணற்றுப் பொறிக்கும், மருத்துவமனைக்கும், நம் பிள்ளைகள் படிக்கும் விளக்குக்கும் அது வேண்டும். ஆயின் நிலமிழந்தார்க்கு நிலையான வேலையும், வாழத்தக்க மாற்றிடமும் தந்த பின்னரே அடுத்த வயலில் மண்வெட்டி இறங்குதல் வேண்டும். நம் மண்ணை எடுப்பதா விடுப்பதா என்னும் முடிவில் நம் குரலும் ஒலித்தல் வேண்டும். 2023 ஏப்பிரலில் காவிரிப் படுகையின் கரிநிலங்களை ஏலத்தினின்று நடுவணரசு விலக்கியது எதனால்? தமிழகம் ஒருகுரலில் எழுந்தமையாலன்றோ!

இறுதியாக, இளைஞர்க்கு ஒரு சொல். மின்னாக்கி, உலை, ஊற்றுநீர் என இவ்வுரை பெரிதும் நம் சொற்களாலேயே நடந்தது. நிலமெடுப்பு அறிவிப்பைத் தன் மொழியில் படித்து உணர்ந்த உழவனை எவரும் எளிதில் ஏய்த்துவிடல் இயலாது. மொழியைக் காப்பது மண்ணைக் காப்பதற்கு முதற்படி. இன்றிரவு விளக்கை ஏற்றும் கை, அம்மண்ணை ஈந்தவரை ஒருகணம் நினைக்கட்டும்.

வாழ்க தமிழ்!