மானைத் தேடி வந்த வேலன்

(மகா கும்பாபிஷேக விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



குடமுழுக்கு நீர் தலையில் தெளிக்கப்பெற்ற குளிர்ச்சியோடு அமர்ந்திருக்கிறீர்கள். வள்ளி தெய்வயானை சமேதனாக எழுந்தருளியிருக்கும் பெருமான் சந்நிதியில் பேசுவதற்கு வள்ளி திருமணத்தினும் இனிய பொருள் வேறில்லை. அக்கதையில் நாம் எல்லோரும் புன்சிரிப்போடு கடந்து போய்விடும் ஒரு கேள்வியை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறேன். வேடனாக வந்த வேலன், தினைப்புனம் காக்கும் வள்ளியைப் பார்த்து, "நான் தேடிவந்த மான் இப்பக்கம் வந்ததோ?" என்று கேட்கிறானே, அந்தக் கேள்விதான் அது.

நம் தூத்துக்குடிச் சீமைக்கு இக்கேள்வி மிகவும் பழக்கமானது. இங்குள்ள காட்டுநாயக்கன்பட்டியில் 1867-ஆம் ஆண்டு தோன்றி, 1922-ஆம் ஆண்டு மறைந்த தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள் நாடகத் தமிழுக்குத் தந்த பெருஞ்செல்வம் 'வள்ளி திருமணம்'. தென்பாண்டி நாட்டுத் திருவிழாக்களில் விடிய விடிய அது நடக்கும். மானைத் தேடி வரும் வேடனும் அவனை மடக்கும் வள்ளியும் நிகழ்த்தும் தருக்கத்தைக் கேட்பதற்கென்றே மக்கள் கண்விழித்திருப்பார்கள்.

இது மேடைக்காகப் புதிதாகப் புனைந்த உத்தி என்று நினைக்க வேண்டாம். சங்கப் புலவராகிய கபிலர் குறிஞ்சிப்பாட்டில், வேட்டைக்கு வந்த தலைவன் தன்னிடமிருந்து தப்பிய விலங்கைப் பற்றிப் புனங்காக்கும் மகளிரை வினவுவதாகப் பாடியிருக்கிறார். மணிவாசகப் பெருமான் அருளிய திருக்கோவையாரில் 'கலைமான் வினாதல்' என்றே ஒரு துறை உண்டு. இவ்வாறு கேட்பதைக் 'கெடுதி வினாதல்' என்பது அகப்பொருள் மரபு. கெடுதியாவது தொலைந்துபோன பொருள். தன் கையை விட்டுப் போன விலங்கைத் தன்னுடைய இழப்பாகவே வேட்டுவன் கருதினான் என்பதை அச்சொல்லே காட்டுகிறது.

தலைவன் கேட்பது ஒரு சாக்குத்தானே என்பீர்கள். சாக்குத்தான். ஆனால் ஒரு சாக்கு எடுபட வேண்டுமானால் அது உலக வழக்கோடு பொருந்தியிருக்க வேண்டும். அம்பு பட்ட விலங்கைத் தேடி வேடன் காடு மேடெல்லாம் அலைவதும், எதிர்ப்பட்டவரை வினவுவதும் அன்றாட நிகழ்ச்சியாக இருந்தபடியால்தான் அக்கேள்வி ஐயத்துக்கு இடமில்லாமல் நின்றது. எய்தவனே தேடவேண்டும் என்பது வேட்டுவர் அறம்.

அத்தேடல் எளிய காரியமா? அம்பு பட்டதும் மான் அங்கேயே வீழ்வது அரிது. துள்ளி ஓடி மறைந்துவிடும். தைத்ததோ, தப்பியதோ என்ற ஐயம் எழும். ஓடிவிட்டது, ஆகவே குறி தவறியது என்று திரும்பிவிடுபவன் நல்ல வேடன் அல்லன். மான் நின்ற இடத்தையும் அது மறைந்த திசையையும் அவன் மனத்தில் பதித்துக்கொள்வான். உடனே பின்தொடர மாட்டான். துரத்தினால் வலியோடு வெகுதூரம் ஓடும், விட்டுவிட்டால் அண்மையிலேயே படுத்துவிடும் என்பது அவனுக்குத் தெரியும். சற்றுப் பொறுத்து, மான் நின்ற இடத்துக்குச் சென்று மயிரும் குருதியும் கிடக்கின்றனவா என்று பார்ப்பான். நுரையோடு கூடிய ஒளிச்சிவப்பானால் நுரையீரலில் பட்டது. கருஞ்சிவப்பானால் ஈரலில் பட்டிருக்கலாம். தழைத்துணுக்கும் நாற்றமும் கலந்திருந்தால் வயிற்றில் பட்டது, பல நாழிகை காத்திருக்க வேண்டும். சுவட்டின்மேல் மிதியாமல் அதன் ஓரமாகவே நடப்பான். கடைசித் துளி கண்ட இடத்தில் ஒரு தழையை ஒடித்து அடையாளம் வைப்பான். சுவடு அற்றுப்போனால் அந்த அடையாளத்தைச் சுற்றிச் சுற்றி வட்டமிட்டுத் தேடுவான். துளிகூடக் காணாவிட்டாலும் நெடுந்தூரம் சென்று பார்த்த பிறகே திரும்புவான். அவ்வுயிர் நாட்கணக்கில் துடிக்காமல், அதன் துன்பத்தை முடித்துவைப்பது தன் கடன் என்பதை அவன் அறிவான்.

கடனை மறந்தால் என்ன விளையும்? குமாயூன் மலைநாட்டில் ஆட்கொல்லிப் புலிகளை வேட்டையாடிய ஜிம் கார்பெட் 1944-ஆம் ஆண்டு வெளிவந்த தம் நூலில் அதைச் சொல்கிறார். புலிகள் மனிதரைத் தின்னத் தலைப்படுவதற்குப் பத்தில் ஒன்பது பங்கு காரணம் காயம். கவனமின்றிச் சுட்டுவிட்டு, காயம்பட்டதைத் தேடிச் செல்லாது விடுவதாலும் அக்காயம் நேரும் என்கிறார். 1907-ஆம் ஆண்டு அவர் சுட்ட சம்பாவத் பெண்புலி 436 பேரைக் கொன்றதாகக் கணக்கு. அதன் வாயைத் திறந்து பார்த்தால், வலப்பக்கத்துக் கோரைப்பற்கள் மேலும் கீழும் உடைந்திருந்தன. எப்போதோ எவனோ சுட்ட குண்டின் வேலை அது! சுட்டவன் மறந்தான், பழி அறியாத ஏழை மக்கள் தலையில் விடிந்தது.

இனி வள்ளியிடம் வருவோம். கந்தபுராணம் சொல்லும் வரலாற்றை நீங்கள் அறிவீர்கள். வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழியில் மான் ஈன்று விட்டுச்சென்ற குழந்தை அவள். வேடர் தலைவன் நம்பிராசன் எடுத்து வளர்த்தான். ஆகவே, 'மான் வந்ததோ?' என்று வேலன் கேட்டது மான்மகளிடமே! தேடப்படும் மான் அவளேதான். உயிர் தன்னை இன்னதென்று அறியாமல் புனத்திலே பரண்மேல் நிற்கிறது. இறைவன் சுவடு பற்றித் தேடி வருகிறான். கிழவனாகி, வேங்கை மரமாகி, எத்தனை வேடம் வேண்டுமானாலும் கொள்கிறான். தேடலை மட்டும் கைவிடுவதில்லை. தொடங்கியதைத் தொடர்ந்து சென்று முடிப்பவன் அவன். அவனடியார்க்கும் அதுவே இலக்கணம்.

நம் முத்துக்குளித்துறையில் இதற்கு ஓர் உவமை உண்டு. 1961-ஆம் ஆண்டோடு இங்கு முத்துக்குளிப்பு நின்றுவிட்டது. ஆயினும் பெரியவர்கள் வாயிலாகக் கேட்டிருப்பீர்கள். கல்லைப் பற்றிக் கடலடிக்கு ஒருவன் இறங்குவான். மேலே தோணியில் ஒருவன் கயிறு பிடித்து நிற்பான். கீழே போனவன் மேலே வரும்வரை அவன் கண் வேறெங்கும் திரும்பாது. இறக்கிவிட்டவனுக்கே ஏற்றிவிடும் கடமை.

இன்று நம் கையில் வில் இல்லை, இருத்தலும் ஆகாது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் மான் வேட்டையைத் தடுத்துவிட்டது. திருநெல்வேலிச் சாலையில் உள்ள வல்லநாட்டு மலை, 1987 முதல் வெளிமான்களின் சரணாலயமாக விளங்குகிறது. ஆனால் வில் போனாலும் காயம் போய்விடவில்லை. வண்டி மோதியும் நாய் துரத்தியும் மான்கள் அடிபடுகின்றன. இருட்டில் ஏதோ மோதியது போலத் தோன்றினால், 'ஒன்றுமிராது' என்று விரைந்துவிடாதீர்கள். இறங்கிப் பாருங்கள். அடிபட்ட மானைக் கூட்டமாகத் துரத்திப் பிடிக்க முயலவும் வேண்டாம். அச்சத்தினாலேயே அது மாண்டுவிடக்கூடும். வனத்துறையினருக்குச் சொல்லியனுப்பி, அவர்கள் வரும்வரை தொலைவில் நின்று காவல் இருங்கள். அதுவும் முருகனுக்குச் செய்யும் தொண்டே.

நாம் விட்ட சொல்லும் ஓர் அம்புதான். தைத்ததோ இல்லையோ என்ற ஐயம் எழுந்தால், தைத்தது என்றே கொண்டு தேடிச் சென்று ஆற்றுவதே அன்புடைமை. கோயில் திருப்பணிக்கு வாரி வழங்கிய வள்ளன்மையுடையோரே! கும்பத்து நீர் கலசத்தில் விழுந்ததோடு நம் கடமை முடியவில்லை. நாற்பத்தெட்டு நாள் மண்டலாபிஷேகமும், அதன்பின் நாள்தோறும் ஏற்றும் ஒரு விளக்கும் நம்மைத் தொடர்ந்து வரச்சொல்லி அழைக்கின்றன. மான்மகளைத் தேடிக் கண்டடைந்த வேலன், நம்மையும் தேடிவந்து ஆட்கொள்வானாக!

வேலும் மயிலும் துணை.