ஆங்கில வினையும் தமிழ் விகுதியும்



தமிழிலக்கணம் ஆங்கிலத்துக்கு இடையூறென்று பெற்றோர் சிலர் கருதுகின்றனர். யான் உடன்படேன்.

'வந்தான்' என்னும் ஒரு சொல்லைப் பகுத்துப் பாருங்கள். 'வா' பகுதி, 'த்' இறந்தகாலம் காட்டும் இடைநிலை, 'ஆன்' விகுதியோ படர்க்கை, ஆண்பால், ஒருமை என அனைத்தையும் உணர்த்தும். ஆதலின் எழுவாய் தோன்றாவிடினும் நம் வாக்கியம் நிறைவுறும். ஆங்கிலத்துக் 'கேம்' என்பது வந்தேன், வந்தாய், வந்தான், வந்தது யாவற்றுக்கும் பொது. 'ஐ', 'யூ', 'ஹீ', 'இட்' என்பவற்றுள் ஒன்று முன்னில்லையேல் வந்தவர் யாரெனத் தெரியாது. நம் சிறுவர் எழுவாயை விட்டெழுதுவது இதனாலேயே.

மழை பெய்வதற்கும் அங்கே எழுவாய் வேண்டும்: 'இட் இஸ் ரெயினிங்'. இந்த 'இட்' எப்பொருளையும் சுட்டாது. வெற்றிடம் நிரப்ப வந்தது. 1954-க்கு முன் பிரெஞ்சுப் பள்ளியில் பயின்ற நம் மூத்தோர் இதனை அறிவர். அம்மொழியில் மழைக்கு முன் 'இல்' வரும். (நம் 'இல்' அன்று!)

ஆங்கிலத்திலும் பண்டு விகுதிகள் பல இருந்தன, பெரும்பாலன தேய்ந்தொழிந்தன. நிகழ்காலப் படர்க்கை ஒருமையில் 'ஹீ கம்ஸ்' என 'ஸ்' எஞ்சிற்று. பரீட்சைத் தாளில் அதிகம் விடுபடுவதும் அதுவே. நன்னூலிற் பகுபதம் கற்ற பிள்ளைக்கு, 'அது விகுதியப்பா' என்றால் போதும்.

பெற்றோர் வீட்டிற் செய்யக்கூடியது ஒன்றுண்டு. எழுவாய் மறைந்த தமிழ் வாக்கியங்கள் பத்தினைக் கொடுத்து, மறைந்ததை முதலில் எழுதச் சொல்லுங்கள், பின்னரே ஆங்கிலமாக்கட்டும்.